யுபிஎஸ் இருந்தும் டேட்டாபேஸ் போச்சு, கரண்ட் போனா மிஷின் தானா அணைஞ்சு தானா எந்திரிக்க என்ன பண்ணணும்?

நிலாமுற்றம்

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு நாளா மனசே சரியில்ல, அதான் இங்க வந்து கேக்கறேன். வீட்டுல ஒரு பழைய டெஸ்க்டாப்ல லினக்ஸ் போட்டு சர்வர் மாதிரி ராப்பகலா ஓட விட்டிருக்கேன். குடும்ப போட்டோ மொத்தமும் அதுல தான், அப்பா பேசி பதிவு பண்ணி வச்ச கேசட்டையெல்லாம் டிஜிட்டலா மாத்தி அதுல தான் வச்சிருக்கேன், எந்த ஆடியோல யார் பேசறாங்க எந்த வருஷம்னு நானே ஒவ்வொண்ணா கேட்டு அடிச்ச குறிப்பு எல்லாம் ஒரு எஸ்கியூலைட் டேட்டாபேஸ்ல, எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைக்குமே அது. 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு மாட்டி நாலு வருஷம் ஆச்சு, அது இருக்குன்னு நிம்மதியா இருந்தேன்.

முந்தாநேத்து ராத்திரி நான் தூங்குனப்புறம் கரண்ட் போயிருக்கு. யுபிஎஸ் கத்திக் கத்தி பேட்டரி தீர்ந்து அணைஞ்சிருக்கும் போல. காலைல ஆன் பண்ணேன், பூட் ஆச்சு, ஃபைல் சிஸ்டத்த சரி பண்றேன்னு கொஞ்ச நேரம் ஓடுச்சு, உள்ள போய் டேட்டாபேஸ திறந்தா கெட்டுப்போச்சுன்னு எர்ரர். பேக்கப் எடுத்து மூணு வாரம் ஆச்சு, அந்த மூணு வாரத்துல அடிச்ச குறிப்பு அத்தனையும் போச்சு. யுபிஎஸ் இருந்தும் ஏன் இப்படி ஆச்சு? இன்னும் பெருசா வாங்கணுமா?

மின்மினி

படிக்கவே கஷ்டமா இருக்கு அக்கா. பெருசா எதுவும் வாங்க வேணாம், முதல்ல யுபிஎஸ்ஸுக்கு பின்னாடி பாருங்க, பிரிண்டருக்கு மாட்டற மாதிரி சதுரமா ஒரு யுஎஸ்பி போர்ட் இருக்கா?

நிலாமுற்றம்

இருக்கு! சின்ன ரப்பர் மூடி போட்டு அடைச்சிருந்துச்சு. அதுக்கான கேபிள் பெட்டிக்குள்ளயே கவர் கூட பிரிக்காம இருக்கு, இப்ப தான் எடுத்துப் பாக்கறேன்.

மின்மினி

அது தான் விஷயம். அந்த கேபிள் இல்லாம கம்ப்யூட்டருக்கு கரண்ட் போனதே தெரியாது, அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும், பேட்டரி தீர்ந்ததும் பொட்டுன்னு போயிடும். யுபிஎஸ் இல்லாம இருந்தா கரண்ட் போன நொடியே போயிருக்கும், இருந்ததால கொஞ்ச நேரம் கழிச்சு போச்சு, அவ்வளவு தான் வித்தியாசம். யுபிஎஸ் இருக்கறது வேலைய தொடர்ந்து பாக்கறதுக்கு இல்ல, ஒழுங்கா மூடி வைக்க நேரம் வாங்கிக் கொடுக்கறதுக்கு.

கருப்புத்திரை

டேட்டாபேஸ் ஏன் போச்சுங்கறதுக்கு நான் சொல்றேன். ஃபைல் சிஸ்டத்துல ஜர்னல்னு மாத்தத்த முன்கூட்டியே குறிச்சு வைக்கற ஏற்பாடு இருக்கே, அப்புறம் டேட்டாபேஸ் எப்படி கெடும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. லினக்ஸோட இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்துல வழக்கமான செட்டிங்ல ஜர்னல் காப்பாத்தறது எந்த ஃபைல் எங்க இருக்குங்கற கணக்க மட்டும் தான், ஃபைலுக்குள்ள இருக்கற விஷயத்துக்கு அது பொறுப்பில்ல. நீங்க சேவ் பண்ணது உடனே டிஸ்க்குக்கு போறதும் இல்ல, லினக்ஸ் 30 செகண்ட் வரைக்கும் கூட மெமரிலயே வச்சிருக்கும். அதுக்கு அப்புறம் எஸ்எஸ்டிக்குள்ள தனியா ஒரு கேஷ், அதாவது தற்காலிக மெமரி, சாதா எஸ்எஸ்டில கரண்ட் போனா அதக் காப்பாத்தற கெப்பாசிட்டர் இருக்காது, சர்வருக்குன்னு செய்யறதுல தான் இருக்கும்.

ஆனா எஸ்கியூலைட் இதுக்கெல்லாம் தாங்கற மாதிரி தான் எழுதியிருக்காங்க, சாதாரணமா கரண்ட் போனா கடைசியா பண்ண ஒரு மாத்தம் போகும், மொத்த ஃபைலும் கெடாது. அதனால ஒரு கேள்வி: எழுதுனது டிஸ்க்குக்கு போய் சேர்ற வரைக்கும் காத்திருக்க வைக்கற சிங்க்ரனஸ் செட்டிங்க, வேகமா இருக்கட்டும்னு ஆஃப் பண்ணீங்களா?

நிலாமுற்றம்

ஆமா. ஆயிரக்கணக்குல போட்டோ ஏத்தும் போது ரொம்ப மெதுவா இருந்துச்சு, எங்கயோ படிச்சு ஆஃப் பண்ணேன், அப்புறம் திருப்பி போடவே இல்ல.

கருப்புத்திரை

அப்ப காரணம் அதுவா தான் இருக்கணும். இன்னைக்கே ஆன் பண்ணிடுங்க. அப்புறம், கெட்டுப்போன ஃபைல அழிச்சிடாதீங்க. ஒரு காப்பி எடுத்துக்கிட்டு காப்பில மட்டும் எஸ்கியூலைட்டோட ரெக்கவர் கமாண்ட ஓட்டிப் பாருங்க, நிறைய வரிசை திரும்ப வரும். ஒரிஜினல தொடவே தொடாதீங்க.

பழையமின்கலம்

நான் பல வருஷமா யுபிஎஸ் பழுது பாக்கறவன். பேட்டரி பத்தி யாரும் இன்னும் பேசலையே. நாலு வருஷம்னு சொன்னீங்க, அங்கயே எனக்கு சந்தேகம். இந்த அடைச்ச லெட் ஆசிட் பேட்டரிக்கு ஆயுசு 3ல இருந்து 5 வருஷம், அதுவும் 25 டிகிரி சூட்டுல வச்சா. அதுக்கு மேல 8, 10 டிகிரி ஏறுனாலே ஆயுசு பாதியாயிடும். எல்லாரும் யுபிஎஸ்ஸ கம்ப்யூட்டரோட சூடான காத்து வர்ற பக்கமா மேஜைக்கு அடில தள்ளி வச்சிருப்பாங்க, பேட்டரி உள்ளயே வெந்துக்கிட்டு இருக்கும்.

600 விஏன்னு போட்டிருந்தா 600 வாட் இல்ல, பெரும்பாலும் 360 வாட் தான், பின்னாடி ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல இருக்கும் பாருங்க. உள்ள இருக்கறது பொதுவா 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒண்ணு. பெருக்குனா 84 வாட் அவர், அப்ப 84 வாட் லோடு ஒரு மணி நேரம் ஓடணும்னு கணக்கு போடுவாங்க. ஓடாது. அந்த 7ங்கறது 20 மணி நேரத்துல மெதுவா உறிஞ்சுனா கிடைக்கறது, அதாவது 0.35 ஆம்பியர் எடுத்தா. உங்க சர்வரும் ரவுட்டரும் சேர்ந்து 75 வாட்னு வச்சா, கன்வெர்ஷன்ல போற நஷ்டத்தையும் சேர்த்து பேட்டரில இருந்து 7, 8 ஆம்பியர் இழுக்கும், அந்த வேகத்துல புது பேட்டரியே அரை மணி நேரத்துக்கு பக்கத்துல தான் தாங்கும். மானிட்டர், கிராஃபிக்ஸ் கார்டுன்னு 200 வாட் போட்டீங்கன்னா பத்து நிமிஷம் நின்னா பெரிய விஷயம்.

லேசர் பிரிண்டர மட்டும் அதுல மாட்டாதீங்க. ஹீட்டர் சூடாகும் போது ஒரே இழுப்பா இழுக்கும், யுபிஎஸ் ட்ரிப் ஆகி கம்ப்யூட்டரும் கூடவே போகும். இந்தப் புகாரோட எங்கிட்ட வந்தவங்க நிறைய.

மரநிழல்

குறுக்க வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு சர்வர் எல்லாம் இல்ல, விண்டோஸ் தான், வீட்டுல உக்காந்து டைப்பிங் வேலை பாக்கறேன். கேபிள் மாட்டுனா எனக்கும் தானா அணையுமா?

மின்மினி

உங்களுக்கு இன்னும் ஈசி. அந்த யுபிஎஸ் யுஎஸ்பில தன்னை பேட்டரின்னு சொல்லிக்கற வகையா இருந்தா, மாட்டுனதுமே லேப்டாப்ல வர்ற மாதிரி பேட்டரி ஐகான் கீழ வந்துடும். பவர் ஆப்ஷன்ல போய் பேட்டரி கிரிட்டிகல் ஆனா என்ன பண்ணணும்ங்கற இடத்துல ஹைபர்னேட் வைங்க, அளவு வழக்கமா 5 சதவீதத்துல இருக்கும், அத 40க்கு ஏத்துங்க. ஹைபர்னேட் பண்ணா திறந்து வச்ச டாக்குமெண்ட் எல்லாம் அப்படியே டிஸ்க்குல எழுதி வச்சிட்டு அணையும், திரும்ப ஆன் பண்ணா விட்ட வரில இருந்து அடிக்கலாம். ஸ்லீப் வேணாம், ஸ்லீப்ல எல்லாம் மெமரில தான் இருக்கும், பேட்டரி தீர்ந்தா அதுவும் போயிடும்.

நிலாமுற்றம்

கருப்புத்திரை அண்ணே, ரெக்கவர்ல முக்காவாசி குறிப்பு திரும்ப வந்துடுச்சு!! அழுதுட்டேன். ரொம்ப ரொம்ப நன்றி.

கேபிள் வழியா யுபிஎஸ் கூட பேசற நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் சாஃப்ட்வேர் போட்டுட்டேன், நட்னு சுருக்கமா சொல்றாங்களே அது. நட்-ஸ்கேனர ஓட்டுனேன், யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ்ங்கற டிரைவர அதுவே கண்டுபிடிச்சு காட்டுச்சு. யுபிஎஸ்சி கமாண்ட்ல பாத்தா சார்ஜ் 100, லோடு 21 சதவீதம், ரன்டைம் 1740 செகண்ட், ஸ்டேட்டஸ் ஓஎல், அதாவது சுவத்து கரண்ட்ல ஓடுது. 29 நிமிஷம் தாங்கும்னு சொல்லுது. அப்ப பேட்டரி நல்லா தானே இருக்கு?

பழையமின்கலம்

நம்பாதீங்கம்மா. அந்த 100ங்கறது சார்ஜ்ல இருக்கும் போது வோல்டேஜ பாத்து சொல்றது. செத்துக்கிட்டு இருக்கற பேட்டரியும் சார்ஜர்ல இருக்கற வரைக்கும் 13.6 வோல்ட் காட்டும், லோடு வச்சா தான் உண்மை தெரியும்.

கம்ப்யூட்டர கழட்டிட்டு யுபிஎஸ்ல அந்தக் கால குண்டு பல்பு 60 வாட் ஒண்ணு மாட்டுங்க. சுவத்துல ஸ்விட்ச ஆஃப் பண்ணி மணி பாருங்க. பிளக்க புடுங்கக் கூடாது, புடுங்குனா எர்த் தொடர்பும் சேர்ந்து அறுந்துடும், ஸ்விட்ச் போர்டுலயே ஆஃப் பண்ணுங்க. கூடவே உக்காருங்க, பல்ப விட்டுட்டு வேற வேலைக்கு போயிடாதீங்க.

நிலாமுற்றம்

பாத்தேன். 11 நிமிஷம். அதுலயும் எட்டாவது நிமிஷம் வரைக்கும் ஒரே மாதிரி பீப் வந்துச்சு, அப்புறம் சடார்னு வேகமா கத்த ஆரம்பிச்சு மூணு நிமிஷத்துல பல்பு போச்சு. யுபிஎஸ்ஸ கழட்டிப் பாத்தா பேட்டரி ரெண்டு பக்கமும் உப்பியிருக்கு, பெட்டிய விட்டு வெளிய வரவே மாட்டேன்னு இறுக்கி பிடிச்சுக்கிச்சு.

பழையமின்கலம்

உப்பிடுச்சுன்னா அதோட முடிஞ்சுது, திரும்ப சார்ஜ் போட வேணாம். ஸ்க்ரூடிரைவர வச்சு நெம்பாதீங்க, பக்கத் தகட்ட கழட்டிட்டு மெதுவா எடுங்க. வாங்கும் போது முனையோட அகலத்த பாத்து வாங்கணும், தட்டையா இருக்கற அந்த டெர்மினல் 4.75 மில்லிமீட்டர்ல ஒண்ணு, 6.35ல ஒண்ணு வரும், மாத்தி வாங்கிட்டா வயர் லூசா உக்காந்து சூடாகும். சிவப்பு சிவப்போட, கருப்பு கருப்போட. மாட்டும் போது பொறி ஒண்ணு தெறிக்கும், உள்ள கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகுது, பயப்பட வேணாம். வேலை பாக்கறப்ப யுபிஎஸ் சுவத்துலயும் மாட்டியிருக்கக் கூடாது, கம்ப்யூட்டரும் மாட்டியிருக்கக் கூடாது. பழசு முழுக்க ஈயம், குப்பைல போடாம வாங்கற கடைலயே கொடுத்துடுங்க.

லித்தியம் பேட்டரி அதே சைஸ்ல கிடைக்குதே போடலாமான்னு அடுத்து கேப்பாங்க. லெட் ஆசிட்டுக்கு செஞ்ச சார்ஜர்ல போடாதீங்க, அதுக்கு சார்ஜ் ஏத்தற முறையே வேற.

தேன்சிட்டு

என் பிரச்சனை வேற மாதிரி. புது கம்ப்யூட்டர், புது யுபிஎஸ், கேபிளும் மாட்டியாச்சு. கரண்ட் போனா யுபிஎஸ் டக்குனு பேட்டரிக்கு மாறுது, ரவுட்டர் எரியுது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது. பழைய கம்ப்யூட்டருக்கு இதே யுபிஎஸ் நல்லா தான் வேலை செஞ்சுது.

பழையமின்கலம்

புது பவர் சப்ளைல ஆக்டிவ் பிஎஃப்சின்னு ஒரு சர்க்யூட் இருக்கும், வர்ற கரண்ட் நல்ல வளைவான அலையா இருக்கும்னு எதிர்பாத்து செஞ்சது. விலை கம்மியான யுபிஎஸ் பேட்டரில ஓடும் போது படிக்கட்டு மாதிரி உடைஞ்ச அலைய தான் கொடுக்கும். சில பவர் சப்ளை தாங்கிக்கும், சிலது முறுக்கிக்கிட்டு அணைஞ்சிடும். இன்னொண்ணு, மாறுறதுக்கே 4ல இருந்து 10 மில்லிசெகண்ட் ஆகும், அந்த இடைவெளிய பவர் சப்ளைக்குள்ள இருக்கற கெப்பாசிட்டர் தான் தாங்கணும். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் கணக்குப்படி 16 மில்லிசெகண்டாவது தாங்கணும், ஆனா முழு லோடுல கேம் ஓடிக்கிட்டு இருக்கும் போது மட்டமான சப்ளை அவ்வளவு நிக்காது. கேம் எதுவும் ஓடாம சும்மா இருக்கும் போது ஒரு தடவ ஆஃப் பண்ணிப் பாருங்க. அப்பவும் ரீஸ்டார்ட் ஆனா அலை தான் காரணமா இருக்கும், ப்யூர் சைன் வேவ்னு போட்ட யுபிஎஸ்ஸுக்கு போகணும். சும்மா இருக்கும் போது தாங்குனா லோடு தான் பிரச்சனை.

நிலாமுற்றம்

புது பேட்டரி போட்டாச்சு, இப்ப பல்பு டெஸ்ட்ல 38 நிமிஷம் நிக்குது. ஷட்டவுனும் வச்சாச்சு. கரண்ட் போய் 3 நிமிஷம் ஆச்சுன்னா ஷட்டவுன் கமாண்ட் போற மாதிரி நட்டோட யுபிஎஸ்ஷெட்ல ஒரு டைமர் எழுதினேன். சரியா தானே பண்ணியிருக்கேன்?

வேலியோரம்

3 நிமிஷம் ரொம்ப கம்மி. அரை மணி நேரம் தாங்கற பேட்டரிய வச்சுக்கிட்டு எதுக்கு அவசரம்? லோ பேட்டரின்னு யுபிஎஸ்ஸே சொல்லும், எல்பின்னு ஸ்டேட்டஸ் வரும், அப்ப அணைச்சா போதும். நட்டோட வழக்கமான செட்டிங்கும் அது தான். பாதி தடவ கரண்ட் அஞ்சு பத்து நிமிஷத்துல வந்துடும், சும்மா சும்மா சர்வர அணைச்சு எழுப்பறது தான் தொல்லை.

பழையமின்கலம்

பேட்டரி புதுசா இருக்கற வரைக்கும் நீங்க சொல்றது சரி தான். அவங்க பழைய பேட்டரி எட்டு நிமிஷம் வரைக்கும் சாதாரணமா கத்திட்டு திடீர்னு சரிஞ்சதே, பாத்தீங்க இல்ல? இன்னும் மூணு வருஷத்துல இந்தப் பேட்டரியும் அங்க தான் வந்து நிக்கும், எல்பி சிக்னல் வர்றப்ப அணைக்கறதுக்கு நேரமே இருக்காது. இன்னொரு விஷயம், போன கரண்ட் வந்துட்டு பத்து நிமிஷத்துல திரும்ப போகும், அடிக்கடி நடக்கறது தான். பேட்டரி காலியானா திரும்ப நிரம்ப பல மணி நேரம் ஆகும். முதல் தடவயே முழுசா உறிஞ்சிட்டா ரெண்டாவது தடவைக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. பாதிய எப்பவும் மிச்சம் வைங்கன்னு தான் நான் எல்லாருக்கும் சொல்றது.

வேலியோரம்

ரெண்டாவது தடவ போறத நான் யோசிக்கல. அது நியாயம். அப்ப 3க்கு பதிலா 5 நிமிஷம் வைக்கலாம்.

நிலாமுற்றம்

ஒரு வாரம் கழிச்சு வர்றேன், வெளியூர் போயிருந்தேன். கரண்ட் போயிருக்கு, சர்வர் ஒழுங்கா ஷட்டவுன் ஆயிருக்கு, லாக்ல எல்லாம் சுத்தமா இருக்கு, டேட்டாபேஸ் பத்திரம். ஆனா கரண்ட் வந்தப்புறம் மிஷின் எந்திரிக்கவே இல்ல. நாலு நாள் அணைஞ்சே கிடந்திருக்கு, தினமும் எடுக்க வேண்டிய பேக்கப் நாலு நாளும் எடுக்கல. பயாஸ்ல, அதான் மிஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற மதர்போர்டு செட்டிங்ல, கரண்ட் வந்தா பழைய நிலைக்கு போகணும்னு தான் வச்சிருந்தேன்.

கருப்புத்திரை

இந்த இடத்துல தான் நிறைய பேர் மாட்டுவாங்க, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். உங்களுக்கு ஒண்ணு இல்ல, ரெண்டு தப்பு சேர்ந்து நடந்திருக்கு.

முதல்ல பயாஸ். பழைய நிலைக்கு போன்னா, கரண்ட் அறுந்த நேரத்துல மிஷின் எப்படி இருந்துச்சோ அப்படி இருன்னு அர்த்தம். நீங்க ஒழுங்கா ஷட்டவுன் பண்ணதால கரண்ட் அறுந்தப்ப அது அணைஞ்சு தான் இருந்துச்சு, அதனால அணைஞ்சே இருக்கு. எப்பவும் ஆன் ஆகணும்ங்கற செட்டிங்குக்கு மாத்துங்க.

ஆனா அது மட்டும் மாத்துனா போதாது. பயாஸுக்கு கரண்ட் போய் வந்தது தெரிஞ்சா தானே ஆன் பண்ணும்? அஞ்சாவது நிமிஷம் சர்வர் அணையுது, ஏழாவது நிமிஷம் கரண்ட் வந்துடுதுன்னு வைங்க. யுபிஎஸ் இன்னும் பேட்டரில உயிரோட தான் இருக்கு, சர்வருக்கு போற வயர்ல கரண்ட் ஒரு நொடி கூட நிக்கவே இல்ல. மிஷின் கண்ணோட்டத்துல யாரோ ஷட்டவுன் பண்ணாங்க, அவ்வளவு தான், எந்திரிக்க காரணமே இல்ல. இதுக்காக தான் நட்ல கடைசியா ஒரு வேலை வச்சிருக்காங்க, ஷட்டவுன் முடியற நேரத்துல யுபிஎஸ்ஸுக்கே கட்டளை போகும், இன்னும் 20 செகண்ட்ல உன் அவுட்புட்ட அணைச்சிடுன்னு. சுவத்துல கரண்ட் திரும்ப வந்திருந்தாலும் அது அணைச்சே தீரும், அப்புறம் தான் திரும்ப கொடுக்கும். இப்ப மிஷினுக்கு கரண்ட் நிஜமாவே போய் வந்த மாதிரி ஆகுது, எந்திரிச்சிடும்.

ரெண்டாவது தப்பு உங்க டைமர்ல. நேரா ஷட்டவுன் கமாண்ட் போட்டுட்டீங்க. அப்படிப் போட்டா கில்பவர்ங்கற அடையாள ஃபைல் உருவாகாது, அது இல்லன்னா கடைசி கட்டளை யுபிஎஸ்ஸுக்கு போகாது. நட்டோட யுபிஎஸ்மான் கமாண்டுக்கு சி ஆப்ஷன் கொடுத்து எஃப்எஸ்டின்னு, அதாவது கட்டாய ஷட்டவுன்னு, போடுங்க, மத்தத அதுவே பாத்துக்கும்.

நிலாமுற்றம்

ரெண்டையும் மாத்திட்டேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பக்கத்துலயே உக்காந்து டெஸ்ட் பண்ணேன். ஸ்விட்ச் ஆஃப், அஞ்சு நிமிஷம், ஷட்டவுன் ஆரம்பிச்சு 40 செகண்ட்ல முடிஞ்சுது. நடுவுலயே ஸ்விட்ச போட்டுட்டேன், நீங்க சொன்ன மாதிரி. யுபிஎஸ்ல டிக்னு ஒரு சத்தம், அவுட்புட் போச்சு, கொஞ்ச நேரத்துல இன்னொரு டிக், அவுட்புட் வந்துச்சு. ஆனா மிஷின் எந்திரிக்கல. மூணு தடவ பண்ணேன், மூணு தடவயும் அதே தான்.

கருப்புத்திரை

கேபினட் மூடிய திறந்து வச்சிட்டு இன்னொரு தடவ பண்ணுங்க. மதர்போர்டுல சின்னதா ஒரு எல்இடி எரியும் பாருங்க, யுபிஎஸ் அவுட்புட் அறுந்ததும் அது எவ்வளவு நேரத்துல அணையுதுன்னு எண்ணுங்க. உள்ள எதையும் தொட வேணாம், கண்ணால பாத்தா போதும்.

நிலாமுற்றம்

அணையவே இல்ல அண்ணே. மங்கலாகிக்கிட்டே வருது, முழுசா அணையறதுக்குள்ள அடுத்த டிக் வந்துடுது.

கருப்புத்திரை

அதான். அவுட்புட் அணைய 20 செகண்ட், திரும்ப வர 30 செகண்ட், அந்த டிரைவர்ல வழக்கமா இருக்கறது. நடுவுல மிஷினுக்கு கரண்ட் இல்லாம இருக்கறது வெறும் 10 செகண்ட். மிஷின் அணைஞ்சு கிடக்கும் போது எடுக்கறது ரொம்ப கொஞ்சம், அதனால பவர் சப்ளைல தேங்கி நிக்கற கரண்ட்டே அந்த 10 செகண்டுக்கு போதுமா இருக்கு, பயாஸுக்கு எதுவுமே நடந்த மாதிரி தெரியல. யுபிஎஸ் கான்ஃபிக் ஃபைல்ல ஆன்டிலே மதிப்ப, அதாவது அவுட்புட் திரும்ப வர்ற நேரத்த, 120 செகண்டுக்கு ஏத்துங்க. அவுட்புட் அணையற நேரமான ஆஃப்டிலேவ விட அது எப்பவும் பெருசா இருக்கணும்.

மின்மினி

இதோட ரவுட்டரும் அதே யுபிஎஸ்ல இருக்குன்னா அதுக்கும் அந்த நேரத்துல கரண்ட் போகும்ங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க. இன்னொரு கம்ப்யூட்டரும் இதே யுபிஎஸ்ல இருந்து நெட்வொர்க் வழியா செய்தி வாங்கி அணையற மாதிரி பின்னாடி வச்சீங்கன்னா, ஷட்டவுன் ஆகற வரைக்கும் ரவுட்டர் உயிரோட இருந்தே ஆகணும், நடுவுல இருக்கற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிய யுபிஎஸ்ல இல்லாம நேரா சுவத்து பிளக்ல மாட்டி வச்சிட்டு செய்தி போகலைன்னு தேடுனவங்கள பாத்திருக்கேன்.

நிலாமுற்றம்

120 வச்சேன். எல்இடி 25 செகண்ட் பக்கத்துல முழுசா அணைஞ்சுது. அப்புறம் அந்த இருட்டுல உக்காந்துக்கிட்டே இருந்தேன், டிக்னு கேட்டுச்சு, ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது, தானா பூட் ஆகி டேட்டாபேஸ் திறந்துடுச்சு. நாலு தடவ திரும்பத் திரும்ப பண்ணேன், நாலு தடவயும் எந்திரிச்சுது. பேக்கப்பையும் ராத்திரிக்கு ராத்திரி வேற டிஸ்க்குக்கு போற மாதிரி மாத்திட்டேன். பேட்டரி மேல இன்னைக்கு தேதிய மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்கேன்.

பழையமின்கலம்

தேதி எழுதுனது நல்ல வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அந்தப் பல்ப மாட்டிப் பாருங்க, 38ல இருந்து 20க்கு கீழ இறங்குனா அடுத்தத வாங்கிடுங்க.